சாவி யாரிடம் இருக்கிறது? கல்லூரி ரோபோடிக்ஸ் மன்றங்களின் விதிகளும் நிர்வாகமும்

ஒரு ஜூன் மாதத்தில், விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்தில், எங்கள் ரோபோடிக்ஸ் மன்றத்தின் இரும்பு அலமாரியைத் திறக்க வேண்டியிருந்தது. சாவி அந்த ஆண்டு படிப்பை முடித்துப் போன மாணவர் ஒருவரிடம் இருந்தது. அவர் அதற்குள் வேறு மாநிலத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அலுவலக உதவியாளர் பூட்டை அறுத்துத் திறந்தபோது, மேல்தட்டில் ஆறு செல் கொண்ட லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒன்று தலையணைபோல் உப்பிக் கிடந்தது. கடைசிச் சோதனை ஓட்டத்துக்குப் பிறகு யாரோ அதை முழுச் சார்ஜுடன் உள்ளே வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். இரண்டு மாத வெயிலில் அது தீப்பிடிக்காமல் இருந்தது எங்கள் நல்ல காலம். கீழ்த்தட்டில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார் டிரைவர் போர்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எது வேலை செய்யும், எது கருகியது என்று சொல்ல ஆள் இல்லை. மன்றத்துக்கு அப்போது ஆறு பக்கத்தில் எழுத்து விதிமுறை இருந்தது. தலைவர், துணைத்தலைவர், செயலாளர், இணைச்செயலாளர், பொருளாளர் ஆகியோரின் கடமைகள் அதில் வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தன. சாவியை யார், எந்த நாளில், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் நான் பார்த்த ரோபோடிக்ஸ் மன்ற விதிமுறைகள் பலவும் தமிழ் மன்றத்துக்கும் நுண்கலை மன்றத்துக்கும் எழுதப்பட்ட அச்சிலிருந்து எடுக்கப்பட்டவை. விழா நடத்துவது, விருந்தினரை அழைப்பது, வரவு செலவு காட்டுவது ஆகியவை அந்த மன்றங்களின் வேலை. அதற்கு அந்த விதிகள் போதும். ரோபோடிக்ஸ் மன்றமோ விலை உயர்ந்த பொருள்களை வைத்திருக்கிறது, கவனம் தவறினால் உயிருக்கே ஊறு செய்யும் கருவிகளைக் கையாளுகிறது, பல மாத உழைப்பைச் சில நிமிட ஆட்டத்தில் காட்ட வேண்டியிருக்கிறது. இவற்றுக்கு மேல், நான்காண்டுப் படிப்பில் ஒரு மாணவர் மன்றத்துக்கு முழுதாகப் பயன்படும் காலம் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள்தான் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் தன் அனுபவத்தில் பாதியை வெளியே அனுப்பிவிட்டு மறுபடியும் தொடங்குகிறது. ஆகவே இங்கே விதிகளின் முதல் வேலை, போகிறவர்கள் அறிந்ததையும் வைத்திருந்ததையும் வருகிறவர்களிடம் குறைவின்றிச் சேர்ப்பது என்றே நான் கருதுகிறேன். பதவிகளின் பட்டியல் அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

இம்மன்றங்கள் பலவற்றின் ஆண்டுச் சுழற்சியைத் தீர்மானிப்பது, மாணவர்கள் தாம் செய்த ரோபோக்களைக் களத்தில் இறக்கும் ரோபோகான் போட்டி. ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1988-இல் தன் நாட்டு மாணவர்களுக்காகத் தொடங்கிய போட்டியின் வழியில், ஆசிய–பசிபிக் ஒளிபரப்பு ஒன்றியம் 2002-இல் டோக்கியோவில் முதல் சர்வதேசப் போட்டியை நடத்தியது. இந்தியாவில் தூர்தர்ஷன் இதை முன்னின்று நடத்துகிறது. சர்வதேச இறுதிப்போட்டி 2008-இலும் 2014-இலும் புனேயிலும், 2022-இல் புதுதில்லியிலும் நடந்தது. 2022-ஆம் ஆண்டின் கருப்பொருள், கற்களை அடுக்கிப் பந்தால் அடித்துக் கலைத்து மறுபடி அடுக்கும் லகோரி விளையாட்டு. அந்த ஆண்டு ஓர் அணியின் இரண்டு ரோபோக்களும் பேட்டரி முதலிய துணைப்பொருள்களும் சேர்ந்து 50 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மின்னழுத்தம் 24 வோல்ட்டுக்கும், அழுத்தக் காற்று 600 கிலோபாஸ்கலுக்கும் உட்பட்டிருக்க வேண்டும் என்பன நெடுநாளாகத் தொடரும் வரம்புகள்.

நிர்வாகத்தைத் தொடும் விதி வேறு. ஓர் அணி என்பது ஒரே கல்லூரியைச் சேர்ந்த மூன்று மாணவர்களும் ஒரு வழிகாட்டி ஆசிரியரும். அவர்களுக்குத் துணையாகச் சிலர் பணிக்குழுவில் இருக்கலாம். ஆட்டத்தின்போது களத்தில் ரோபோவை இயக்குபவர்கள் அந்த மூவர்தாம். முப்பது பேர் உழைத்த ரோபோவை மூன்று பேர் களத்தில் இறக்குகிறார்கள். மீதி இருபத்தேழு பேரின் உழைப்பு எங்கே பதிவாகும், சான்றிதழில் யார் பெயர் வரும், தில்லிக்கு ரயில் ஏறுபவர் யார் என்ற கேள்விகள் போட்டிக்கு முந்தைய வாரத்தில் எழுந்தால் மன்றம் இரண்டாக உடையும். அதனால்தான் களத்தில் இறங்கும் மூவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை, அதாவது எத்தனை சோதனை ஓட்டங்களின் நேரத்தைக் கொண்டு, யார் முன்னிலையில் முடிவு செய்வது என்பதை, வேலை தொடங்கும்போதே எழுதி ஒட்டிவிட வேண்டும். எழுதப்படாத இடத்தில் சீனியர் என்ற ஒரே தகுதி முன்வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு அமைப்பு வழியில் ஒரு தீர்வு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 2008-இல் தொடங்கப்பட்டு மாணவர்களாலேயே நடத்தப்படும் புதுமை மையத்தில், யாரும் வந்து கற்றுக்கொள்ளக்கூடிய கிளப்புகள் தனியாகவும், தேர்வு செய்து ஆள் எடுக்கும் போட்டி அணிகள் தனியாகவும் இயங்குகின்றன. கற்பதற்கான இடத்தையும் வெல்வதற்கான இடத்தையும் இப்படிப் பிரித்துவிட்டால், முதலாண்டு மாணவருக்கு ஸ்குரூடிரைவர் பிடிக்க ஓர் இடம் கிடைக்கிறது. அணியும் தன் வேகத்தில் ஓட முடிகிறது. சிறிய கல்லூரிகளில் இரண்டும் ஒரே அறையில், ஒரே மேசையில் நடக்கின்றன. போட்டி நெருங்க நெருங்கக் கற்றுக்கொடுப்பது நின்றுபோகிறது. அடுத்த ஆண்டுக்கு ஆள் தயாராவதில்லை. தனி அறை கட்ட முடியாத கல்லூரியும் வாரத்தில் இரண்டு மாலைகளைப் பயிற்சிக்கு மட்டும் என்று விதியில் ஒதுக்கி, அந்த மாலைகளில் போட்டி வேலைக்காகப் பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் தலைவருக்கும் இல்லை என்று எழுதிவிடலாம்.

சட்டப்படி பார்த்தால், கல்லூரி மன்றம் என்பது பொதுவாகத் தனி அமைப்பே இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு பெற்ற சங்கம் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்காடலாம்; பதிவு பெறாத கல்லூரி மன்றத்தின் மோட்டாரும் பேட்டரியும் லேப்டாப்பும் கல்லூரியின் சொத்து. ஆதரவாளர் தரும் பணமும் கல்லூரிக் கணக்கில்தான் வரவு வைக்கப்பட வேண்டும். பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்குக்கும் செல்பேசி எண்ணுக்கும் சந்தாவை வாங்குவது வழக்கமாகிவிட்டது. அந்த மாணவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அந்தப் பணம் சட்டத்தின் கண்ணில் அவருடைய பணமாகவே தெரியும் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

பணம் செலவாகும் வழியில்தான் மாணவர்கள் உண்மையாகவே துன்பப்படுகிறார்கள். மத்திய அரசின் கீழ் வரும் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களைப் பொதுநிதி விதிகள் கட்டுப்படுத்துகின்றன. 2017-ஆம் ஆண்டு விதிகளில், 25,000 ரூபாய் வரை விலைப்புள்ளி கேட்காமல் வாங்கலாம், அதற்கு மேல் இரண்டரை லட்சம் வரை மூவர் கொண்ட கொள்முதல் குழு சந்தையை விசாரித்து வாங்கலாம் என்றிருந்தது. அந்த வரம்புகள் பின்னர் உயர்த்தப்பட்டன. தனியார் கல்லூரிகளில் இதற்கு ஈடாக மூன்று கொட்டேஷன் வாங்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் ரோபோ இந்த வேகத்தில் பழுதாவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஒரு மோட்டார் டிரைவர் கருகினால், சனிக்கிழமை காலை, சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நின்றுதான் அதை வாங்க வேண்டும். கடைக்காரர் தருவது துண்டுச்சீட்டு. கல்லூரிக் கணக்குப் பிரிவு கேட்பதோ கல்லூரியின் பெயரும் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணும் உள்ள பில். அந்தத் துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் அலுவலகத்துக்கும் துறைக்கும் மூன்று மாதம் நடந்து, கடைசியில் தன் விடுதி உணவுக் காசிலிருந்து கொடுத்ததாகவே அதை எழுதித் தள்ளிவிட்டதை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அந்த மாணவர் அடுத்த ஆண்டு மன்றத்தின் பக்கம் வரவில்லை.

இதற்குரிய விதி சிக்கலானது இல்லை. ஆசிரியர் ஒருங்கிணைப்பாளர் பெயரில் ஒரு சிறு முன்பணம்; ஒரு பொருளுக்கு இவ்வளவு வரை மாணவர் தாமே முடிவு செய்து வாங்கலாம் என்ற உச்சவரம்பு; முறையான பில் தரும் கடைகளின் பட்டியல்; செலவழித்த பணம் இத்தனை நாளுக்குள் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி. இவற்றில் நான்காவதைத்தான் நான் பார்த்த கல்லூரிகள் எழுத்தில் தரத் தயங்குகின்றன. மாணவர் பணத்தைக் கல்லூரி கடனாக வைத்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதால் வரும் தயக்கம் அது. ஆனால் அந்த ஒரு வரி இல்லாவிட்டால், வீட்டில் பணம் இருக்கும் பிள்ளைகள் மட்டுமே ரோபோ செய்யும் மன்றமாக அது சில ஆண்டுகளில் சுருங்கிவிடும்.

பொறுப்பாளர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் தமிழ்நாட்டில் தேர்தலைவிட நேர்காணலே வழக்கம். விலகும் பொறுப்பாளர்களும் ஆசிரியரும் உட்கார்ந்து அடுத்தவர்களைத் தெரிவு செய்கிறார்கள். தொழில்நுட்ப மன்றத்துக்கு இது தவறான முறை என்று சொல்ல மாட்டேன். வெல்டிங் தெரிந்தவரை வாக்கெடுப்பில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நேர்காணலில் என்ன கேட்கப்பட்டது, ஏன் ஒருவர் எடுக்கப்பட்டார் என்பது எழுத்தில் இல்லாதபோது, ஒரே துறை, ஒரே விடுதிப் பகுதி, ஒரே நட்பு வட்டம் என்று பதவி சுற்றிவருகிறது. நாலைந்து அளவுகோல்களை முன்கூட்டியே அறிவித்து, தெரிவு செய்யும் குழுவில் வேறு துறை ஆசிரியர் ஒருவரை உட்கார வைத்தாலே பாதி மனக்கசப்பு தீரும்.

அரியர் இருப்பவர் பொறுப்புக்கு வரக் கூடாது என்ற விதி பரவலாக இருக்கிறது. மாணவர் பேரவைத் தேர்தல்களுக்காக 2006-இல் லிங்டோ குழு அளித்த பரிந்துரைகளிலும், போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, வருகைப்பதிவு 75 விழுக்காடு இருக்க வேண்டும் என்பவை உண்டு. பேரவைக்காக எழுதப்பட்டதை அப்படியே தூக்கி ரோபோடிக்ஸ் மன்றத்தில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பணத்தையும் கையெழுத்தையும் கையாளும் பதவிகளுக்கு அந்த விதி இருக்கட்டும். கியர்பாக்ஸை இரவெல்லாம் பிரித்துக் கோக்கத் தெரிந்த மாணவருக்குக் கணிதத்தில் ஒரு தாள் நின்றுபோனதால், அவர் இயந்திரப் பிரிவுக்குத் தலைமை ஏற்கவே கூடாது என்றால் மன்றம் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறது. நிபந்தனை வைப்பதானால், அரியர் எழுதும் மாதத்தில் அவரை மன்ற வேலையிலிருந்து கட்டாயமாக விடுவிக்க வேண்டும் என்று வைக்கலாம்; அது அவருக்கும் நல்லது.

பதவிகளைக் காட்டிலும் பெரிய அதிகாரம் ஒன்று எந்த விதிமுறையிலும் எழுதப்படாமல் இயங்குகிறது. அதன் பெயர் ஓ.டி., அதாவது ஆன் டியூட்டி. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளின்படி தேர்வு எழுத 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் உள்ளவர்களுக்கு மருத்துவம், விளையாட்டு முதலிய வரையறுத்த காரணங்களுக்காக மட்டுமே விலக்கு உண்டு. ஆகவே வகுப்பில் இல்லாத நாளை வந்த நாளாக மாற்றும் ஓ.டி. கடிதம் மாணவர் கண்ணில் பணத்தைவிட மதிப்புள்ளது. அதில் யார் பெயரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் மாணவரே நடைமுறையில் மன்றத்தின் தலைவர். வேலை செய்யாமல் பெயர் மட்டும் வாங்குபவர்களும், வேலை செய்தும் பெயர் விட்டுப்போனவர்களும் உருவாவது இங்கேதான். ஓ.டி. பட்டியலை அறையின் வருகைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, ஆசிரியரே கையெழுத்திட்டு, மன்றத்தின் பலகையில் ஒட்ட வேண்டும் என்ற விதி, தலைவரின் கடமைகளைப் பற்றிய இரண்டு பக்கங்களைவிட அதிகம் சாதிக்கும்.

சீனியர்–ஜூனியர் உறவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த ராகிங் தடுப்பு ஒழுங்குமுறைகளைப் பலரும் விடுதிக் கொடுமைகளுக்கான சட்டமாக மட்டுமே நினைக்கிறார்கள். ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ தரப்பட்ட கல்விப் பணியைப் புதிய மாணவரைக் கொண்டு செய்து முடிப்பதும், மாணவர்மீது கட்டாயச் செலவைச் சுமத்துவதும் அந்த ஒழுங்குமுறையின் வரையறைக்குள்ளேயே வருகின்றன. முதலாண்டு மாணவரை அழைத்து, அண்ணனுடைய ரெக்கார்டு நோட்டை எழுதினால்தான் அணியில் இடம் என்பதும், உடைந்த பாகத்துக்கு ஜூனியர்கள் பங்கு போட்டுப் பணம் கட்டச் சொல்வதும் அன்பின் பெயரால் நடந்தாலும் இதில் அடங்கும். ஆள் சேர்ப்பு நேர்காணலைச் சீனியர்கள் மட்டும் மூடிய அறையில் நடத்தக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இனி பேட்டரிக்கு வருகிறேன். லைப்போ செல் ஒன்றின் முழு அழுத்தம் 4.2 வோல்ட், மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும், பயன்படுத்தாமல் வைக்கும்போது ஏறத்தாழ 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். இது மன்றத்தில் இரண்டாமாண்டு படிக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் உப்பிய பேட்டரி அலமாரியில் கிடந்ததற்குக் காரணம், அதைச் செய்வது யார் வேலை என்று எழுதப்படாததுதான். இப்போது எங்களிடம் பேட்டரிக்கென்றே ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு பேட்டரிமீதும் பெயின்ட் பேனாவால் ஓர் எண். நோட்டில் அந்த எண்ணுக்கு ஒரு பக்கம். எடுத்த நேரம், திரும்ப வைத்த நேரம், வைக்கும்போது ஒவ்வொரு செல்லின் அழுத்தம், கையொப்பம். ஆள் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது. சார்ஜ் போட்டவர் தேநீர் குடிக்கப் போவதானால் இன்னொருவர் பெயரை எழுதிவிட்டுப் போக வேண்டும். செல்களுக்கிடையே வித்தியாசம் கூடிவரும் பேட்டரியை அந்தப் பக்கத்தைப் புரட்டினாலே அடையாளம் காணலாம். ஏழாம் எண் பேட்டரியின் பக்கத்தில் மூன்றாவது செல்லின் அழுத்தம் வாரா வாரம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்ததை முதலாண்டு மாணவி ஒருவர்தான் கவனித்து, அதை ஒதுக்கி வைக்கச் சொன்னார். நோட்டு இல்லாதிருந்தால் எங்களில் யாருடைய அனுபவமும் அதைக் கண்டுபிடித்திருக்காது.

காற்றழுத்தத்துக்கும் இதே கவனம் வேண்டும். குளிர்பானப் பிளாஸ்டிக் புட்டிகளைக் காற்றுத்தொட்டியாகப் பயன்படுத்தும் அணிகள், கீறல் விழுந்த புட்டியை அந்த நிமிடமே வெட்டிக் குப்பையில் போட வேண்டும். ஓரமாக வைத்தால் அவசரத்தில் யாரோ அதையே எடுத்து மாட்டுவார்கள். விமானத்தில் போவதானால் வேறொரு கணக்கு இருக்கிறது: 22.2 வோல்ட், 5,000 மில்லியாம்பியர்-மணி பேட்டரியின் ஆற்றல் 111 வாட்-மணி. 100 வாட்-மணியைத் தாண்டுவதால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதையும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். டிரோன் செய்யும் மன்றங்களுக்கு 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள் ஒரு சலுகை தருகின்றன: அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் ஆராய்ச்சிக்காக, முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில், தன் வளாகத்துக்குள்ளோ தன் கட்டுப்பாட்டிலுள்ள திறந்தவெளியிலோ பறக்கவிட்டால் பதிவெண்ணும் டிரோனை இயக்குபவருக்கான சான்றிதழும் தேவையில்லை. பக்கத்து ஊர்த் திருவிழாவைப் படம்பிடிக்க அதே டிரோனை எடுத்துச் சென்றால் அந்தச் சலுகை பொருந்தாது.

பாதுகாப்பின் பெயரால் நடக்கும் ஓர் அநீதியை இங்கே சொல்லாமல் விட முடியாது. ரோபோ வேலை பெரும்பாலும் மாலை ஆறு மணிக்குப் பிறகு சூடு பிடிக்கிறது. மாணவியர் விடுதி முன்னிரவிலேயே மூடப்படும் கல்லூரியில், சோதனை ஓட்டங்களில் மாணவியர் இருப்பதில்லை. இல்லாதவர்களுக்குக் கருவி கைவராது. கருவி கைவராதவர்களுக்குப் பிரிவுத் தலைமை கிடைக்காது. அவர்கள் கையில் போஸ்டர் வடிவமைப்பும் ஆதரவாளர் கடிதமும் ஒப்படைக்கப்படுகின்றன. யாரும் தீய எண்ணத்தோடு செய்ததில்லை என்றாலும் விளைவு அதுதான். மாணவியரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாகுபாடான விடுதி விதிகளைப் பெண்களுக்கு மட்டும் விதிக்கக் கூடாது என்று மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. விடுதியின் நேரத்தை மாற்றுவது மன்றத்தின் கையில் இல்லை. ஆனால் முக்கியமான சோதனை ஓட்டங்களும் கூட்டங்களும் எல்லாரும் வரக்கூடிய நேரத்தில்தான் நடக்க வேண்டும் என்று விதி செய்வது மன்றத்தின் கையில் இருக்கிறது.

கண்டுபிடிப்பின் உரிமை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாணவர்–ஆசிரியர் புதுமை, தொழில்முனைவுக் கொள்கையின்படி, நிறுவனத்தின் வசதியையோ நிதியையோ கணிசமாகப் பயன்படுத்தி உருவானது கூட்டு உடைமை. காப்புரிமை எண்ணம் இருந்தால், வளாகத் தொழில்நுட்ப விழாவில் காட்சிக்கு வைப்பதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். முன்னதாக வெளிப்படுத்தியது புதுமையாகக் கருதப்படாமல் போகலாம். கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 2021 முதல் 80 விழுக்காடு சலுகை இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு, அலமாரிச் சாவிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. கல்வியாண்டு ஜூனில் மாறுவதால் பொறுப்பாளர்களையும் ஜூனில் மாற்றுவது வழக்கம். ஆனால் ரோபோகானின் சர்வதேசச் சுற்று பெரும்பாலும் ஆகஸ்டில் நடக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களில் தேசியச் சுற்றும், நடுவே ஏப்ரல்–மே செமஸ்டர் தேர்வும் வருகின்றன. இறுதியாண்டு மாணவர்கள் தேர்வு முடிந்த கையோடு ஊருக்குப் போகிறார்கள். ஜூனில் புதியவர்கள் வரும்போது ஒப்படைக்க எதிரே ஆள் இல்லை. ஆகவே பதவிக்காலத்தைக் கல்வியாண்டிலிருந்து விடுவித்து, மூன்றாமாண்டின் நடுவில் ஏற்று இறுதியாண்டின் நடுவில் விலகுவதாக அமைப்பதே பொருந்தும். விலகியவர் அதன்பின் ஆறு மாதம் அதே வளாகத்தில் இருப்பார். கேட்டால் சொல்ல ஆள் இருக்கும்.

நாங்கள் இப்போது ஒப்படைப்பை ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் சனிக்கிழமை செய்கிறோம். காலையில் அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் பரப்புகிறார்கள். இருப்புப் பதிவேட்டின் ஒவ்வொரு வரியையும் பழைய செயலாளர் படிக்க, புதியவர் பொருளைக் கையில் எடுத்துக் காட்டுகிறார். மோட்டார் டிரைவர்கள் ஒவ்வொன்றும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கப்பட்டு, கருகியவை சிவப்பு நாடா ஒட்டித் தனிப் பெட்டிக்குப் போகின்றன. நிரல்கள் இருக்கும் கிட்ஹப் கணக்கு ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இல்லாமல் மன்றத்தின் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று பார்த்து, கடவுச்சொல்லை அங்கேயே மாற்றுகிறார்கள். கடந்த ஆண்டில் தோற்ற ஆட்டங்களைப் பற்றி, ஆட்டத்துக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில், பழையவர்கள் எழுதித் தர வேண்டும். வென்றவற்றைப் பற்றி எழுதச் சொல்வதில்லை. செலவழித்த பணம் இன்னும் திரும்பக் கிடைக்காத மாணவர்களின் பெயர்களும் தொகைகளும் ஆசிரியர் முன்னிலையில் வாசிக்கப்படுகின்றன. பிற்பகல் மூன்று மணியளவில், பதிவேட்டின் கடைசி வரிக்குக் கீழே இருவரும் ஆசிரியரும் கையெழுத்திட்ட பிறகுதான் சாவி கைமாறுகிறது. இரண்டாவது சாவி துறை அலுவலகத்தில், உறையிட்டு, தேதியோடு இருக்கிறது.